விசா வேண்டாத நாட்டுக்கு ஒரு கோடிச்சேலை

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கோழிக்கடைக்கு மேல்மாடியில், எட்டு மாதத்துக்கு முன்னால் ஓர் அலுவலகம் திறந்தார்கள். விசா இல்லாமல் போகக்கூடிய அண்டை நாடுகளுக்குச் சாதாரண ஜனங்கள் சிரமமில்லாமல் போய்வர உதவும் மையம் என்று அதற்குப் பெயர். விசாவே வேண்டாம் என்றால் அதற்கு எதற்கு ஓர் ஆபீஸ் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் நீங்கள் சர்க்கார் உத்தியோகம் பார்த்ததில்லை என்று அர்த்தம். விசா வேண்டுமென்றால் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் அந்தத் தலைவலியைப் பார்த்துக்கொள்வான். வேண்டாமென்றால்தான், அது வேண்டாம் என்பதை உறுதிசெய்ய இங்கே ஓர் அதிகாரி, அவருக்கு ஓர் உதவியாளர், இருவருக்கும் ஒரு ஏ.சி., வருகிறவர்கள் காத்துக்கிடக்கப் பத்து நாற்காலி எல்லாம் தேவைப்படுகின்றன.

வாசலில் பெரிய பலகை. ‘விசா வேண்டாம், சிரித்துக்கொண்டே போகலாம்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. அந்தப் படியேறிய எவரும் சிரித்துக்கொண்டே இறங்கியதாகக் கோழிக்கடைக்காரருக்கு நினைவில்லை.

பெரியமுத்து அந்தப் படியேறியது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் காலையில், தேயிலை பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. நேபாளத்திலிருந்து தங்கச்சி புருஷன் பிரேம் பகதூர்.

“மச்சான், சுருளி போயிட்டா.”

பிரேம் பகதூர் இதே பாக்டரியில் ஒன்பது வருஷம் பாய்லருக்கு விறகு தள்ளியவன். லயத்து வரிசை வீடுகளில் தோட்டத்து ஜனங்களோடு இருந்து தமிழை அதன் கெட்ட வார்த்தைகளோடு கற்றுக்கொண்டவன். முப்பத்து நாலு வயது வரை கல்யாணமாகாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சுருளியம்மாளை அவன் கட்டிக்கொண்டபோது, இனம் தெரியாதவனுக்குக் கொடுக்கிறானே என்று லயம் முழுக்கப் பெரியமுத்துவைக் கரித்துக்கொட்டியது. தன் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளைப் பொக்காராவுக்குப் பக்கத்தில் தன் ஊருக்குக் கூட்டிப் போனான். அங்கே மஞ்சள்காமாலை வந்து நாலே நாளில் முடிந்துவிட்டது.

“பொறந்த வீட்டுக் கோடி போடாம என்னையத் தூக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ண மூடுனா மச்சான். ஆஸ்பத்திரி ஐஸ் ரூம்ல வச்சிருக்கேன். வர்ற வியாழக்கெழமைக்கு அடுத்த வியாழன் வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம். வெரசா கெளம்பி வாங்க.”

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் கூடப்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது விழாமல் பிணத்தைத் தூக்கினால், அவளுக்கு நாதியில்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. போடிமெட்டில் மண் சரிந்து பஸ் வராத நாளில், அண்ணன்காரன் நடந்து வந்து சேரும்வரை பொழுதுக்கும் பிணத்தைப் போட்டுவைத்த கதையெல்லாம் இங்கே உண்டு. புருஷன் நேபாளி. இருந்தாலும் ஒன்பது வருஷத்தில் அவனுக்கு அது புரிந்திருந்தது.

பெரியமுத்துவின் மனைவி ராமலட்சுமி அன்றைக்கே அழுதபடி குமுளிக்குப் போய் அரக்குக் கலரில் ஒரு சேலை எடுத்துவந்தாள். மதுரைக்குப் போய், ரயிலேறி, கோரக்பூரில் இறங்கி, பஸ்ஸில் எல்லை தாண்டி, பொக்காரா போய்ச்சேர நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலைப் பிடித்தால் சேலை போய்ச் சேரும்.

கூட வேலை பார்க்கும் மொக்கையன் ஒரே ஒரு புத்திதான் சொன்னான்.

“அண்ணே, ஒருத்தன்ட்டயும் கேக்காதீக. ஏறி உக்காந்து போயிருங்க. பார்டர்ல ஆடு மாடெல்லாம் போகுதாம்.”

நல்ல புத்திதான். ஆனால் பெரியமுத்து எஸ்டேட்டில் பிறந்தவர். லீவுக்கு ஒரு சீட்டு, மருந்துக்கு ஒரு சீட்டு, பெண்டாட்டி பிரசவத்துக்கு ஒரு சீட்டு என்று ஐம்பத்து இரண்டு வருஷம் சீட்டு வாங்கியே வாழ்ந்த மனிதருக்குச் சீட்டில்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைவதா என்றிருந்தது. நாலு நாள் போய், தங்கச்சிக்கு நாலு மணி நேரத் தூரத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டால்? ஒரு வார்த்தை கேட்டுவிட்டே போகலாமென்று படியேறினார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். கேட்டார்.

மேஜையில் ஜிஸ்மி என்ற பெண் இருந்தாள். தங்கமான பெண். முகம் பார்த்துச் சிரித்தாள்.

“சேட்டா, நேபாளத்துக்கு விசாவே வேண்டா. ஒண்ணுமே வேண்டா. இந்தியன் ஆணெந்நு காட்ட ஒரு கார்டு மாத்ரம் போதும். பாஸ்போர்ட் உண்டோ?”

“இல்லம்மா. ஆதார் இருக்கு.”

“வயசு?”

“அம்பத்திரெண்டு.”

ஜிஸ்மி உச்சுக்கொட்டினாள். பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தாலோ அறுபத்தைந்துக்கு மேலே இருந்தாலோ ஆதார் போதுமாம். “சேட்டனு இனி பதிமூணு வர்ஷம்தானே பாக்கி?” என்று ஆறுதல் சொன்னாள். அதுவரை தங்கச்சி ஐஸில் இருக்க முடியுமா என்று பெரியமுத்து கேட்கவில்லை. ஓட்டு அட்டை இருந்தால் போதும் என்று அவள் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றல்ல, இரண்டு.

இதை மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எஸ்டேட் ஜனங்களுக்கு வேலை இங்கே கேரளாவில், குலசாமி அங்கே தமிழ்நாட்டில். யூனியன்காரர்கள் வண்டிப்பெரியாரில் ஓர் ஓட்டு எழுதிக்கொடுத்தார்கள். உத்தமபாளையம் பக்கத்தில் அப்பா ஊரில் அந்த ஊர்க்காரர்கள் இன்னோர் ஓட்டு எழுதிக்கொடுத்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு பக்கமும் ஜீப் வந்தது. இரண்டு பக்கமும் பிரியாணி போட்டார்கள். இரண்டு அட்டை வைத்திருப்பது குற்றமென்று பெரியமுத்துவிடம் யாரும் சொன்னதில்லை. ஜீப் அனுப்பியவன் எந்தக் காலத்தில் அதைச் சொல்வான்? ஓர் அட்டை காட்டினாலே இந்தியன் என்றால், இரண்டு காட்டினால் இன்னும் பலமாயிற்றே என்றுதான் அந்த மனுஷன் நினைத்தார்.

ஜிஸ்மியின் சிரிப்பு போயிற்று. இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அதிகாரி கோகுல்நாத் வெளியே வந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் பேசும் விவசாயக் குடும்பம். மரியாதை தெரிந்தவர். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுத்தான் கழுத்தை அறுப்பார்.

“உக்காருங்க பெரியமுத்து. தங்கச்சி சமாச்சாரம் கேட்டனுங்க, மனசு சங்கடமாப் போச்சுங்க. முதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. நம்ம மையத்துல முடியாதுங்கற வார்த்தையே கெடையாதுங்க. எட்டு மாசத்துல ஒரு அப்ளிகேசனக்கூட நாங்க தள்ளுபடி பண்ணுலீங்க. வெள்ளைக்காரன் மூஞ்சிக்கு நேரா இல்லைம்பானுங்க. நாங்க அப்படி ஒருத்தர் மனசையும் நோகடிக்க மாட்டமுங்க. இன்னொரு காயிதம் கேப்பமுங்க, அவ்வளவுதான்.”

“எவ்வளவு பேருய்யா இதுவரைக்கும் போயிருக்காக?”

“போறது வேற, தள்ளுபடி ஆகாம இருக்கறது வேறங்க.” கோகுல்நாத் கொஞ்சமும் கோபப்படவில்லை. “ரோசனை பண்ணிப் பாருங்க. விசா கேக்கற நாடு நம்மள நம்பாத நாடுங்க. எவன் வேணா போய்க் கேட்டுக்கட்டும், நமக்கென்ன. ஆனா இவிய விசாவே கேக்கறதில்லீங்க. நம்மள அத்தனை நம்பறாங்க. அந்த நம்பிக்கையக் காப்பாத்தோணும்னா ஒருத்தரையும் அனுப்பாம இருக்கறதுதானுங்க உத்தமம்.”

இரண்டு அட்டை இருப்பவன் இரண்டு பேராக இருக்கலாம், அல்லது ஒருவராகக்கூட இல்லாமல் இருக்கலாம் என்றார். தமிழ்நாட்டில் பேரை நீக்கிக் காகிதம் கொண்டுவந்தால் கேரளா அட்டை சுத்தமாகிவிடும். அதுவரை இரண்டு அட்டையும் இங்கே பத்திரமாக இருக்கும். வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார்கள். ரசீதின் அடியில், விசாரணை முடியும்வரை நாட்டை விட்டுப் போகமாட்டேன் என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே பெரியமுத்துவின் கையெழுத்தும் இருந்தது. மொக்கையனுடைய வழியும் அத்தோடு அடைபட்டது.

வியாழக்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் உத்தமபாளையம் போனார். அங்கே தேர்தல் பிரிவில் பாண்டீஸ்வரன் என்றொரு அதிகாரி. நல்ல வேலைக்காரர். ஒரு பேச்சு அதிகம் பேசமாட்டார்.

“பேரு எடுக்கணும்னா மூணே காரணந்தான். ஆளு செத்திருக்கணும், எடம் மாறியிருக்கணும், இல்லாட்டி ரெண்டு எடத்துல இருக்கணும். நீங்க எது?”

“ரெண்டு எடத்துல இருக்கேன் சார்.”

“அப்ப கேஸு. ஒரு வருசம் உள்ள.”

“எடம் மாறிட்டேன் சார்.”

“எப்ப மாறுனீங்க?”

“பொறந்ததே வண்டிப்பெரியார்லதான் சார்.”

“அப்ப இங்கிட்டு எப்பிடிப் பேரு வந்துச்சு? அதுக்கு விசாரணை. மூணு மாசம்.”

பெரியமுத்து சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். மூன்றாவது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“செத்தா எத்தன நாளு சார்?”

“சாயங்காலம் முடிஞ்சிரும்.”

செத்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார் பாண்டீஸ்வரன். நானேதான் சார் என்றார் பெரியமுத்து. ‘நானே’ என்று கட்டம் இல்லை, நெருங்கிய உறவினர் என்று போடுகிறேன் என்றார். பிறகு, பேனாவை நிறுத்தாமல், என்னத்துல செத்தீங்க என்று கேட்டார். பெரியமுத்துவுக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை.

“மஞ்சக்காமாலை சார்” என்றார். சொல்லிவிட்டு அந்த ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து, தங்கச்சி செத்த சேதி வந்ததிலிருந்து முதல்தடவையாக வாய்விட்டு அழுதார். வேண்டியவர் யாரோ இறந்திருக்கிறார் என்று பாண்டீஸ்வரனும் அவசரப்படுத்தாமல் கையெழுத்து வாங்கினார்.

வெள்ளிக்கிழமை அந்தக் காகிதத்தோடு மையத்துக்கு ஓடினார். ஜிஸ்மி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, சேட்டன் மரிச்சு போயல்லோ!”

அங்கே செத்தது இங்கேயும் தெரிந்துவிடுமாம். அத்தனை முன்னேற்றம். கோகுல்நாத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தமில்லை, ஒரு சந்தோஷம் தெரிந்தது.

“பாருங்க, எத்தனை சுளுவாப் போச்சு! உசுரில்லாதவிய அந்த நாட்டுக்குப் போகோணும்னா அடையாள அட்டையே வேண்டாமுங்க. ஒரு பெட்டி, ஒரு சர்டிபிகேட், கூடப் போக ஒரு ஆளு. போதுமுங்க.”

“நான் உசுரோட போகணும்யா. சேலையப் போர்த்தணும்.”

“அதத்தான் சொல்றனுங்க. கூடப் போற ஆளா நீங்களே போலாமுங்க. ஆனா கூடப் போறவருக்கு அட்டை வேணுமே.”

உயிரோடு இருப்பதை நிரூபிக்க மூன்று பேர் கொண்ட குழு முன்னால் ஆஜராக வேண்டும். நாளை இரண்டாம் சனி, மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை வாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை ரயில் என்று பெரியமுத்து கும்பிட்டார். கும்பிட்ட கையைக் கோகுல்நாத் மரியாதையாகப் பிடித்து இறக்கிவிட்டார். காத்திருக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று, மிச்சப் படிவத்தை ஜிஸ்மி நிரப்ப ஆரம்பித்தாள்.

பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா, வியாபாரம், விளையாட்டு, புண்ணியஸ்தலம் என்று நாலுதான் இருந்தன. தங்கச்சி பிணத்துக்குக் கோடி போடுவது எதில் சேரும் என்று இருவரும் அரைமணி நேரம் பேசிச் சுற்றுலாவில் சேர்த்தார்கள். சுற்றுலா என்றதும் இரண்டு புதுக் கட்டங்கள் முளைத்தன. ஆவலோடு எதிர்பார்க்கும் இடங்கள் இரண்டு எழுதச் சொன்னது. பொக்காரா ஆஸ்பத்திரி ஐஸ் ரூம் என்று ஒன்று எழுதினாள். இரண்டாவது இடத்தைச் சுடுகாடு என்று அவரே சொன்னார்.

பிறகு போட்டோ. சுற்றுலாப் பயணி சிரித்தால்தான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும்.

“இத்திரி கூடி சிரிக்கணும் சேட்டா. பல்லு காணணும்.”

பத்து தடவை எடுத்தாள். பத்து தடவையும் கம்ப்யூட்டர் இது சிரிப்பில்லை என்று திருப்பி அனுப்பியது. கோகுல்நாத் எதிரே வந்து நின்று எப்படிச் சிரிப்பதென்று செய்து காட்டினார். பதினோராவது தடவை பெரியமுத்து பல்லைக் கடித்து உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தார். அதைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. அந்தப் படம் இன்னமும் அந்த மையத்தின் சுவரில் தொங்குகிறது, போனால் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் போய்விட்டது.

திங்கட்கிழமை குழுவில் ஒருவர் லீவு, ஒருவர் பயிற்சி முகாம். மூன்றாமவர் திருவனந்தபுரத்திலிருந்து திரையில் தோன்றி, நீங்கள் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். பெரியமுத்து எழுந்து நின்றார். அது போதாது, நிற்பது யார் என்று தெரிய வேண்டாமா என்றார் அவர். அதோடு லைன் அறுந்தது. செவ்வாயும் போனார், புதனும் போனார். காலையில் மாடியேறி, பத்து நாற்காலியில் ஒன்றில் சேலைப் பையோடு உட்கார்ந்து, சாயங்காலம் இறங்கினார். இரண்டு நாளும் ஜிஸ்மி தன் பணத்தில் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்தாள். நல்ல மனசுக்காரிகளுக்கு அந்த ஆபீசில் அதற்குமேல் அதிகாரம் கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம் பிரேம் பகதூர் வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால் நாலு பேர் எதையோ வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்கு மேல வச்சிருக்க மாட்டாங்களாம் மச்சான். நான் என்ன செய்ய? உங்கண்ணன் வந்துக்கிட்டே இருக்காரு, வந்துக்கிட்டே இருக்காருன்னு பத்து நாளா அவகிட்டயும் சொன்னேன், ஆஸ்பத்திரியிலயும் சொன்னேன்.”

ராமலட்சுமிக்குத் தாங்கவில்லை. சேலையைப் பிரித்து, கையகலப் போனின் மேலே போர்த்திவிட்டு ஓவென்று ஒப்பாரி வைத்தாள். லயத்துப் பெண்கள் ஓடிவந்து கூடச்சேர்ந்து அழுதார்கள். துணி மூடியதால் அந்தப் பக்கம் அவனுக்கு இருட்டுதான் தெரிந்திருக்கும். சேலையை எடுத்துப் பார்த்தபோது லைன் அறுந்திருந்தது. பெரியமுத்து சுவரில் தலையை முட்டிக்கொண்டார். யாரும் பிடித்து விலக்கவில்லை, அவ்வளவாவது செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை காலையில் பிரேம் பகதூரே வந்து இறங்கினான். கையில் ஒரு சின்னத் தகரப்பெட்டி. உள்ளே சுருளியம்மாள் இருந்தாள். அவளைச் சுருளி அருவியில் கரைக்க வேண்டுமென்று கொண்டுவந்திருந்தான்.

“பார்டர்ல ஒண்ணும் கேக்கலியா மாப்ள?” என்று பெரியமுத்து கேட்டார்.

“கேட்டாங்க மச்சான். டீ வேணுமான்னு கேட்டாங்க.”

அவன் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே ஜிஸ்மி போன் செய்தாள். சேட்டனுடைய அனுமதிக் காகிதம் தயார், உடனே வாங்க என்றாள். அவள் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. போகவேண்டாம் என்றுதான் பெரியமுத்து நினைத்தார். ஆனால் அட்டைகள் அங்கே இருந்தன. அட்டையில்லாவிட்டால் ரேஷனும் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியைத் தனியாக விட்டுவர பிரேம் பகதூருக்கு மனசில்லை, அதையும் எடுத்துக்கொண்டான்.

மையத்தில் பூச்செண்டோடு போட்டோகிராபர் நின்றிருந்தார். கோகுல்நாத் புதுச்சட்டை போட்டிருந்தார்.

“வாங்க வாங்க! நம்ம மையத்தோட முதல் பயணி நீங்கதானுங்க. செத்தவன் தினமும் வந்து தொந்தரவு பண்ணமாட்டான்னு சொல்லி, குழு உங்கள உசுரோட இருக்கறதா ஒத்துக்கிடுச்சுங்க. அதுக்கு நானு எத்தனை வாதாடினேன்னு கேட்டுப் பாருங்க.” காகிதத்தை விரித்து வாசித்தார். “சகோதரியின் பூதவுடலுக்குக் கோடி போர்த்தும் நிமித்தம், முப்பது நாளுக்குச் செல்லும்.”

“எரிச்சாச்சுய்யா” என்றார் பெரியமுத்து. “ஆறு நாளாச்சு.”

கோகுல்நாத் தகரப்பெட்டியைப் பார்த்தார். பிறகு காகிதத்தை மெதுவாக மடித்தார்.

“அடடா. அப்ப நோக்கம் தீந்துபோச்சுங்களே. பூதவுடல் இல்லாம பூதவுடலுக்குன்னு உங்கள அனுப்புனா அது பொய் சொன்ன மாதிரி ஆயிருமுங்க. நீங்க பொய் சொல்ற ஆளில்லீங்க, எனக்குத் தெரியுமுங்க.” கொஞ்சம் யோசித்தார். “இத நாங்க தள்ளுபடி பண்ண முடியாதுங்க. அந்தப் பழக்கமே நமக்குக் கெடையாது. நீங்களா வாபஸ் வாங்கீட்டீங்கன்னா ரண்டு அட்டையில ஒண்ண இப்பவே குடுத்துப்போடறனுங்க.”

ஜிஸ்மி வாபஸ் படிவத்தை எடுத்தாள். தலை நிமிரவில்லை. காரணம் என்ற இடத்தில் மூன்று இருந்தன. வசதியில்லை என்றால் வருமானச் சான்று வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சான்று வேண்டும். மூன்றாவதற்கு ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும் போதும். அவள் மூன்றாவதில் பேனாவால் கோடிழுத்துத் தாளைத் தள்ளினாள். பெரியமுத்து கையெழுத்துப் போட்டார்.

“சாட்சிக்கு ஆளக் கையோட கூட்டியாந்துட்டீங்க, நல்லதாப் போச்சு” என்று கோகுல்நாத் பேனாவைப் பிரேம் பகதூரிடம் நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்துங்க.”

தமிழ் பேசத்தான் பிரேம் பகதூருக்குத் தெரியும். மலையாள எழுத்து வாசிக்க வராது. தாளைத் திருப்பிப் பார்த்தான்.

“என்ன எழுதியிருக்கு மச்சான்?”

பெரியமுத்து கோடிழுத்த வரியில் விரலை வைத்தார்.

“எனக்கு வர இஷ்டமில்லன்னு எழுதியிருக்கு மாப்ள.”

பிரேம் பகதூர் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் ஊர் எழுத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தான்.